மாலை போட்ட படம்

புதுக்குடியிருப்பில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. அடையாள அட்டைப் படம், கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் எடுப்பேன். கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளும் செய்து கொடுப்பேன். இறந்தவருக்குத் தனிப்படம் இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கலியாணவீட்டுக் கூட்டத்தில் அவர் நின்றிருப்பார். அந்தத் தலையை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் வானத்தைப் போட்டு, கணினியிலேயே மாலையும் போட்டுவிடுவேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டே செய்கிற வேலை அது.

ஒரு மத்தியானம் கடைக்குள் ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். சின்ன வயதிலேயே கனடாவுக்குப் போய், அங்கே சினிமா படித்தவர். முல்லைத்தீவுக் கரையில் முழுநீளப் படம் ஒன்று எடுக்கப் போவதாகவும், அதற்கு ஸ்டில் எடுக்க ஆள் வேண்டும் என்றும் சொன்னார். வீடியோவிலிருந்தே படத்தை வெட்டியெடுக்கலாமே, அதற்கெதற்குத் தனி ஆள் என்று கேட்டேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

பழைய ஹொலிவூட் அவருக்கு ஒரு பைத்தியம். கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். அந்தக் காலத்தில் படப்பிடிப்புத் தளத்தின் ஓரத்தில், மரப்பெட்டி போன்ற பெரிய கமராவோடு ஒருவர் காத்துக்கொண்டு நிற்பாராம். காட்சி சரி என்று இயக்குநர் சொன்ன பிறகுதான் அவருடைய நேரம். அவர் குரல் கொடுத்ததும் நடிகர்கள் அதே கட்டத்தைத் திரும்பப் பிடித்து அசையாமல் நிற்பார்களாம். கொட்டகை வாசலில் சனம் நின்று பார்த்ததெல்லாம் அப்படி எடுத்த படங்கள்தானாம். நட்சத்திரங்களைத் தனியறையில் இருத்தி, உயரத்திலிருந்து ஒரு விளக்கை மட்டும் போட்டு, கன்ன எலும்புக்குக் கீழே நிழல் விழ எடுப்பார்களாம். பிறகு நெகட்டிவில் பென்சிலால் தடவிச் சுருக்கங்களை மறைப்பார்களாம். சில படங்களின் சுருள் எரிந்தோ இற்றோ போய்விட, ஸ்டில் மட்டும் மிஞ்சியிருக்கிறதாம்.

சுருக்கம் மறைப்பதை நானும் கலியாணப் பொம்பிளைகளுக்குச் செய்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அப்ப நீங்கள்தான் ஆள் என்றார்.

முல்லைத்தீவு நகரத்தைத் தாண்டி, கடலோரத்தில் ஒரு வீட்டை எடுத்திருந்தார்கள். தகப்பன் இறந்துபோக, தனியே அந்த வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய படம் அது. கதாநாயகி விசுவமடுவில் முன்பள்ளி ஆசிரியை. தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து அங்கே தோட்டம் செய்கிறார்கள். அதற்கு முன் அவள் கமராவுக்கு முன்னால் நின்றதே இல்லை.

முதல் நாளே எனக்குக் கால் தரிக்கவில்லை. கலியாணவீட்டில் நான் சொன்னால் மாப்பிள்ளையும் நாடியை உயர்த்துவார், ஐயரும் கையை நிறுத்துவார். இங்கே என்னை ஒருவரும் பார்க்கவில்லை. என்னுடைய கமரா பழையது. அமத்தினால் 'சடக்' என்று கதவு சாத்துகிற மாதிரிச் சத்தம் போடும். ஒலிப்பதிவாளர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல வெளிச்சம் விழும்போதெல்லாம் விரல் துடிக்கும், அமத்த முடியாது. ஒரு தரம் தாங்காமல் அமத்தினேன். அந்தக் காட்சியை முழுதாகத் திரும்ப எடுத்தார்கள். அன்று முழுக்க நான் சமையல் நடக்கிற பக்கமே சுற்றிக்கொண்டு நின்றேன்.

பிறகு இயக்குநர் பழைய முறையையே கொண்டுவந்தார். காட்சி சரியானதும் அவரே 'ஸ்டில்' என்று கூப்பிடுவார். நடிகர்கள் அந்தக் கட்டத்தைப் பிடித்து நிற்க வேண்டும். வெயிலில் வெந்துபோய் நிழலுக்கு ஓடப் பார்க்கிறவர்களை மறித்து, அழுத முகத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வது லேசான வேலை இல்லை. கதாநாயகிப் பிள்ளை மட்டும் முகம் சுளிக்காமல் நிற்பாள். ஆனால் நான் கிட்டப் போகும்போது, கெதியா எடுங்கோ அண்ணா என்று உதட்டை அசைக்காமல் சொல்வாள்.

அந்த வீட்டின் சுவரில் தகப்பனின் படம் மாலையோடு தொங்க வேண்டும். படம் முழுக்க அவர் வருவது அந்தச் சட்டத்துக்குள் மட்டும்தான். அதற்குக் கமராவின் முன்னால் இருக்க ஆள் கிடைக்கவில்லை. சமையல்காரர் தனக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்றார். வாகனம் ஓடுகிறவர் மனைவி பிள்ளைத்தாச்சி என்றார். என்னைக் கேட்டபோது, நான் இருந்தால் படம் எடுப்பது யார் என்று தப்பித்துக்கொண்டேன். இயக்குநருக்கோ வயது காணாது.

நாங்கள் மீன் வாங்குகிற ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். பக்கத்துக் கரையில் படகு வைத்துத் தொழில் செய்கிறவர். காலையில் மீனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் படப்பிடிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். விசயத்தைக் கேட்டதும், 'உதுக்கு ஏன் இவ்வளவு கதை? நான் இருக்கிறன்' என்றார்.

ஹொலிவூட் பாணியில்தான் எடுக்க வேண்டும் என்று இயக்குநர் நின்றார். விறாந்தையில் படுக்கை விரிப்பைக் கட்டி, ஏணியில் விளக்கை ஏற்றி, அவரை ஸ்டூலில் இருத்தினோம். என்னுடைய வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். கடற்காற்றில் காய்ந்த முகம் அது. கன்னத்துக்குக் கீழே நிழல் தானாகவே வந்து இருந்தது.

'செத்த ஆள் எப்பிடிப் பாக்கும் தம்பி?' என்று கேட்டார்.

விளக்கைச் சரிசெய்கிற சாட்டில் ஏணிப் பக்கம் திரும்பினேன். எத்தனையோ அஞ்சலிப் படம் செய்தவன், ஒருநாளும் அதை யோசித்ததில்லை. அவையெல்லாம் உயிரோடு இருக்கும்போது வேறெதற்கோ எடுத்த முகங்கள்தானே. சும்மா பாருங்கோ அண்ணை என்றேன். அவர் சும்மா பார்த்தார்.

படம் பெரிதாக அச்சாகி, சட்டம் போட்டு, சந்தன மாலையோடு சுவரில் ஏறியது. அவர் வந்து பார்த்து நல்லாய்ச் சிரித்தார். மாலை இல்லாமல் தனக்கொரு பிரதி வேண்டும் என்றார். ஆனால் மற்றவர்களுக்கு என்னவோ போலிருந்தது. அந்தச் சுவருக்குக் கீழே கதிரை காலியாகவே கிடந்தது. உயிரோடு இருக்கிற மனுசன் ஒரு கையில் மீன் பையோடு வாசலில் நிற்பார். உள்ளே அவருக்கு முன்னால் விளக்கு எரியும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினேன்.

ஒப்பாரிக் காட்சிக்குக் கரையிலிருந்து பெண்கள் சிலர் நடிக்க வந்தார்கள். அவர்களில் ஒருத்தி போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாள் அவருடைய மனைவி வந்துவிட்டா. காட்சி ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒலிப்பதிவாளர் கையை உயர்த்திக் காட்ட, அவா வாசற்படியிலேயே நின்றா. காட்சி முடியுமட்டும் ஒரு சத்தமும் போடவில்லை. அந்தப் பிள்ளை படத்துக்கு முன்னால் நின்று ஏதோ சொல்லி விம்முவதையும் முழுதாகப் பார்த்தா. 'ஓகே' என்ற சொல் வந்த பிறகுதான் உள்ளே வந்தா.

'மாலையைக் கழட்டுங்கோ' என்றா.

இயக்குநர் பணிவாகத்தான் விளங்கப்படுத்தினார். இது நடிப்பு. பாதிக் காட்சிகள் எடுத்தாயிற்று. இடையில் படம் சுவரில் இல்லாமல் போனால் முன்னுக்குப் பின் ஒட்டாது. நீங்கள் வேதக்காரர், உங்களுக்கு இந்த மாலையில் நம்பிக்கை இருக்காது என்று நினைத்தோம் என்றும் சொன்னார். அது தேவையில்லாத கதை.

'எங்கட வீட்டிலயும் செத்த ஆக்களுக்குத்தான் தம்பி படத்தில பூ வைக்கிறது' என்றா அவா. 'இவர் நாளைக்கும் கடலுக்குப் போற மனுசன். நீங்கள் படத்தை முடிச்சுக்கொண்டு கனடாவுக்குப் போயிடுவியள்.'

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சுவரில் படம் இருக்குமட்டும் அவர் தொழிலுக்குப் போகக்கூடாது. அந்த நாட்களுக்கு இயக்குநர் அவருக்குப் படப்பிடிப்பிலேயே ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். மனுசன் தலையைச் சொறிந்துகொண்டு ஓம் என்றார்.

இரண்டு நாளில் முடிகிற வேலைதான். ஆனால் மழை வந்தது. பிறகு மின்பிறப்பாக்கி பழுதாகி, திருத்த ஆள் கிளிநொச்சியிலிருந்து வர வேண்டியிருந்தது. வேலை இழுபட்டது. அவரை வயர் பிடிக்க விட்டார்கள். பிடித்தபடியே கடலைப் பார்ப்பார். காற்று மாறினால் எழும்பி வேலிவரை போய் வருவார். ஒரே இடத்தில் நின்று காத்திருக்கிறதுதான் உங்கட வேலையோ என்று என்னைக் கேட்டார். ஓம் அண்ணை, எனக்கும் அது சரிவரேல்லை என்றேன். அந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும்தான் அந்த வளவுக்குள் மாறி மாறி நடந்துகொண்டிருந்தோம்.

நெத்தலி மீன் வலையில் படுகிறது என்று கரையில் கதை அடிபட்டது. அடுத்த நாள் காலை அவரைக் காணவில்லை. காய்ச்சலாக்கும் என்றார் சமையல்காரர். மத்தியானம் கடற்கரையிலிருந்து ஒருவர் வந்து கேட்டபோதுதான் தெரிந்தது: மனைவிக்கு ஷூட்டிங் என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு ஒன்றும் சொல்லாமல், விடிய முதலே தனியக் கடலுக்கு இறங்கியிருக்கிறார். மற்றப் படகுகளெல்லாம் கரைக்கு வந்துவிட்டன. கைபேசி வேலை செய்யவில்லை.

அன்று காட்சி ஒன்றும் ஒழுங்காக நடக்கவில்லை. ஒவ்வொருவராக வேலிக்கு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒலிப்பதிவாளர் காதுக் கருவியைக் கழற்றாமலேயே கடற்பக்கம் திரும்பி நின்றார்; இஞ்சின் சத்தம் முதலில் தனக்குத்தான் கேட்கும் என்று நினைத்தாரோ தெரியாது. இயக்குநர் கரைக்குப் போய்விட்டார். வெறும் வீட்டை ஸ்டில் எடுத்து வைக்கும்படி எனக்குச் சொல்லியிருந்தார். கமராவை முக்காலித் தாங்கியில் பூட்டினேன். மாலை போட்ட அந்தச் சட்டத்தைக் கமராவுக்குள்ளால் பார்த்தேன். அமத்தவில்லை.

அப்போதுதான் மீன்காரரின் மனைவி வந்தா. அழவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தா.

'தம்பி, நீர்தானே எடுத்தது?'

'ஓம் அக்கா.'

'நீரே இறக்கும்.'

இயக்குநரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கதிரையில் ஏறி மாலையைக் கழற்றினேன். விளக்கை அணைத்தேன். சட்டத்தை இறக்கி, பின்பக்க ஆணிகளைப் பேனாக் கத்தியால் நிமிர்த்திப் படத்தை வெளியே எடுத்துக் கொடுத்தேன். அவசரத்தில் ஒரு மூலை மடிந்துவிட்டது. அதை அவா நிமிர்த்தி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தா. நானும் பின்னால் போனேன்.

கரையில் சனம் கூடியிருந்தது. அவரைத் தேடப்போன இரண்டு படகும் இன்னும் திரும்பவில்லை. மீன் வாடிக் கொட்டிலுக்கு முன்னால் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருக்கச் சொன்னார்கள், அவா இருக்கவில்லை. தண்ணீர் ஓரமாக அங்குமிங்கும் நடந்தா. படம் கையிலேயே இருந்தது. நான் இயக்குநரைப் பார்க்காமல் நின்றேன். அவர் என் தோளில் கை வைத்து, படத்தை இறக்கினது நல்ல வேலை அண்ணா என்றார்.

வெயில் சாய்கிற நேரம் தேடப்போன படகுகள் வருவது தெரிந்தது. பின்னதில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் அவருடைய படகு. இஞ்சின் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது; கைபேசி நனைந்துவிட்டது. வேறொன்றும் இல்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தவர், மனைவியின் கையில் தன்னுடைய முகத்தைக் கண்டு நின்றுவிட்டார்.

அவா படத்தை அவரிடம் நீட்டினா. 'இதைப் பிடிச்சுக்கொண்டு வீட்ட வாங்கோ' என்றா. அவ்வளவுதான். அவர் படத்தைத் தலைக்கு மேலே, நனையாமல் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். அன்றைக்குப் பிறகு மீன் கொண்டுவந்தால் வேலியோடு நின்று கொடுப்பார். பிரதியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை வெறும் சுவர் இருந்தது. முக்கியமான காட்சி மிச்சமிருந்தது: அந்தப் பிள்ளை விளக்கை ஏற்றி, தகப்பனின் படத்தைக் கிட்ட நின்று பார்ப்பது. எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். ஒரு காட்சியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுவர்ப்படம் தூரத்தில், மங்கலாக, மீசை மட்டும் தெரிகிற அளவுக்குத்தான் இருந்தது. அந்த ஒன்றைத் திரும்ப எடுத்தால், வேறொரு ஆளின் படத்தைத் தொங்கவிட்டு மிச்சத்தை முடிக்கலாம். முகம்தான் தேவை. எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

நான் இருக்கிறன் என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் வடிவாகத் தெரியாது. முதல்நாள் கரையில் நின்றபோது ஏறிய பதற்றம் இறங்கவேயில்லை. ஏதாவது செய்தால் இறங்கும் என்று நினைத்திருப்பேன். எனக்கும் மீசை இருக்கிறது. தலைமயிருக்கு மாப் பூசி நரையாக்கினார்கள்.

அதே விறாந்தை, அதே விரிப்பு, ஏணியில் அதே விளக்கு. இயக்குநர் விளக்கைப் பிடிக்க, என் கமராவைக் கதாநாயகியிடம் கொடுத்தேன். எங்கே அமத்துவது என்று காட்டிவிட்டு வந்து ஸ்டூலில் இருந்தேன். எத்தனை பேரை அசையாமல் இருக்கச் சொல்லியிருப்பேன். என்னால் முடியவில்லை. இடது கண் துடித்தது. எச்சில் விழுங்கினேன். கால் தானாக ஆடியது.

'அண்ணா, அசையாதேங்கோ' என்றாள் அவள்.

'கெதியா எடும் பிள்ளை.'

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. அப்போது அமத்திவிட்டாள். அந்தப் படமே நல்லது என்றார் இயக்குநர்.

பின்னேரம் நான் மாலையோடு சுவரில் தொங்கினேன். விளக்கு வெளிச்சத்தில் சட்டத்துக் கண்ணாடி ஒளிப்பதிவாளரையும் என்னையும் சேர்த்துக் காட்டியது. கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். காட்சி தொடங்கியது. அவள் திரியை ஏற்றினாள். நிமிர்ந்து என் படத்தைப் பார்த்தாள். மெல்ல மெல்ல அவளுடைய முகம் உடைந்தது. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், பத்தாம் வகுப்பு. வெளியே போய்விடலாம் என்றிருந்தது; ஆனால் அசைந்தால் காலுக்குக் கீழே பலகை கிரீச்சிடும். 'ஓகே, ஸ்டில்' என்ற குரல் கேட்டது. அவள் அந்த முகத்தோடு அப்படியே நின்றாள். நான் கிட்டப் போனேன். அவளுடைய கன்னம், விளக்கு, பின்னால் நான். ஒரே ஒரு தரம் அமத்தினேன். அந்தப் படப்பிடிப்பில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். சாப்பாட்டுக்கு முன்னால் எப்படி என்று விடுவேன்.

சில மாதங்கள் போயின. ஒட்டுசுட்டானில் ஒரு கலியாணவீடு. காட்டு ஓரம் விடிய நேரத்தோடு யானை நிற்கும் என்று மனைவி பயந்து பயந்துதான் விட்டா. மோட்டார்சைக்கிளில் போய்ச் சேர்ந்து, கைபேசியைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். அன்றைக்குத்தான் இயக்குநர் கனடாவிலிருந்து அந்த ஸ்டில்லை முகநூலில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்த யாரோ, பிள்ளையையும் விளக்கையும் வெட்டிவிட்டு, மாலை போட்ட என் முகத்தை மட்டும் எடுத்துப் பகிர்ந்திருக்கிறார்கள். அடுத்த ஆள் 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுத, அது ஓடத் தொடங்கிவிட்டது.

எனக்கு ஒன்றும் தெரியாது. தாலி கட்டி முடிந்து, மேடையில் மாப்பிள்ளைக்கு நாடியை உயர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தேன். மண்டப வாசலில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. என் மனைவி இறங்கினா. வீட்டில் உடுக்கிற சட்டை, வாராத தலை. செருப்புக்கூட இல்லை. நேரே உள்ளே வந்து, ஆட்களுக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்தா. என் கை கமராவிலேயே இருந்தது. பார்த்தபடி பின்பக்கம் நடந்து, கடைசி வரிசைக் கதிரையில் இருந்தா. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தா. நான் மேடையை விட்டு இறங்கிப் போவதற்குள் எழும்பி, அதே முச்சக்கரவண்டியில் ஏறிப் போய்விட்டா.

பைக்குள்ளிருந்த கைபேசியை எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. லண்டனிலிருந்து என் தங்கைதான் முதலில் அழுதுகொண்டு அழைப்பு எடுத்திருக்கிறாள். பிறகு ஊரெல்லாம். அடுத்த மாதம் கலியாணம் வைத்திருக்கிற ஒருவர், தங்களுடைய வேலையை இனி யார் செய்வது என்றுகூட வீட்டில் விசாரித்திருக்கிறார்.

அன்று வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் கதிரைகள் கிடந்தன. அயல் சனம் வந்துபோன கதிரைகள். மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மனைவி குசினிக்குள் நின்றா. சோற்றையும் கறியையும் போட்டு வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டா. இப்படி அப்படி என்று முழுவதையும் குசினி வாசலில் நின்று சொன்னேன். அந்த மீன்காரரின் மனைவியின் கதையையும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவா திரும்பினா.

'அவாவுக்குப் படத்தைக் கழட்டிக் குடுத்தனீங்கள்தானே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.'

முற்றத்துக் கதிரைகளை அடுக்கி வைக்கப் போனேன்.

பிறகு படம் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் காலைக் காட்சியாகப் போடப்பட்டது. வரமாட்டேன் என்று சொன்ன மனைவி, அன்று காலை சேலை உடுத்து வெளிக்கிட்டு நின்றா. இருவரும் மோட்டார்சைக்கிளில் போனோம். அந்த விளக்குக் காட்சி வருகிறது என்று எனக்கு முன்னமே தெரியும். கதிரையின் கைபிடியை இறுக்கிக்கொண்டேன். திரை முழுக்க என் முகம் வந்தது. அவா பார்த்தா. என் பக்கம் திரும்பி என்னையும் பார்த்தா. பிறகு எழும்பி, முன்னால் இருந்தவர்களின் முழங்கால்களை விலத்திக்கொண்டு வெளியே போனா. நானும் எழும்பிப் போனேன்.

பரந்தன் தாண்டி விசுவமடுவுக்கு வந்தோம். அங்கே ஒரு கடையில் நிறுத்தித் தேத்தண்ணி எடுத்தோம்.

'கடைசியில அந்தப் பிள்ளை என்ன செய்யுது?' என்று கேட்டா.

'வீட்டைப் பூட்டிப்போட்டுக் கொழும்புக்குப் போகுது.'

'தகப்பன்ர படத்தையும் கொண்டு போகுதோ?'

'இல்லை. சுவரில விட்டிட்டுப் போகுது.'

அவா தேத்தண்ணியைக் குடித்து முடித்தா. 'அப்ப நீங்கள் இன்னும் அங்கதான் தொங்கிறியள்' என்றா. சொல்லிவிட்டுச் சிரித்தா. நல்ல சிரிப்புத்தான். ஆனால் வீடு வந்து சேருமட்டும், பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்த கை தளரவேயில்லை.